பாறைக்கு யார் நோட்டீஸ் அனுப்புவது?

அமெரிக்கக் கடையில் வாங்கிய கைப்பை, தூண்டில், பித்தளைக் குழாய், மஞ்சள்தூள் பொட்டலம் என்று எதையாவது திருப்பிப் பார்த்தால், ஒரு மூலையில் மஞ்சள் முக்கோணத்துக்குள் ஆச்சரியக்குறி ஒன்று தென்படக்கூடும். இதிலுள்ள இன்ன வேதிப்பொருள் புற்றுநோயையோ பிறவிக் குறைபாட்டையோ உண்டாக்கும் என்பது கலிபோர்னியா மாநிலத்துக்குத் தெரியும் என்று பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். மிச்சமுள்ள 49 மாநிலங்களுக்கு இது தெரியாதா என்பது அங்கே பழகிப்போன கேலி.

அந்தச் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் சட்டத்தை இயற்றியது சட்டமன்றம் அல்ல, வாக்காளர்கள். 1986 நவம்பர் தேர்தலில், மாநில ஆளுநர் ஜார்ஜ் டியூக்மேஜியனும் பெரிய தொழில் நிறுவனங்களும் எதிர்த்து நிற்க, நூற்றுக்கு 63 பேர் ஆதரித்து வாக்களித்தார்கள். அதே நாளில் அதே ஆளுநரை மறுபடியும் ஜெயிக்க வைத்தார்கள் என்பது தனிக் கதை. வாக்குச்சீட்டில் 65ஆவது முன்மொழிவாக இருந்ததால் ‘ப்ராப் 65’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. முழுப்பெயர் ‘பாதுகாப்பான குடிநீர் மற்றும் நச்சுப்பொருள் அமலாக்கச் சட்டம்’. இன்று காபிக் கடையையும் கார் நிறுத்துமிடத்தையும் வைத்து அதைக் கிண்டல் செய்பவர்கள், அது குடிநீர்க் கவலையில் பிறந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

குடிநீர் என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது மொரப்பூர். சேலம் – ஜோலார்பேட்டை ரயில் பாதையில், தர்மபுரி மாவட்டத்தில் இருக்கும் ஊர். 1906இல் இங்கிருந்து தர்மபுரிக்கு ஒரு குறுகிய ரயில் பாதை போட்டு, பிறகு ஒசூர் வரை ஓட்டினார்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அதை மூடியும் விட்டார்கள். ரயிலை விட நீண்ட வரலாறு இந்தப் பகுதியின் நிலத்தடி நீருக்கு உண்டு. ஏறத்தாழ 250 கோடி ஆண்டு வயதுள்ள கடினப் பாறையின் வெடிப்புகளில் அது தங்கியிருக்கிறது. அந்தப் பாறையிலிருந்து ஃப்ளோரைடை எடுத்துக்கொள்கிறது. தமிழ்நாட்டில் ஃப்ளோரைடு என்றாலே முதலில் சொல்லப்படும் மாவட்டம் தர்மபுரிதான்.

பாறை எப்படி நஞ்சு கொடுக்கிறது? தர்மபுரிப் பாறைகளில் கருநிற மைக்காவான பயோடைட்டும் ஹார்ன்பிளெண்டும் அபடைட்டும் கலந்திருக்கின்றன. இந்தத் தாதுக்களின் படிகங்களுக்குள் ஹைட்ராக்சில் அயனி உட்கார வேண்டிய இடங்கள் உண்டு. ஃப்ளோரைடு அயனிக்கும் அதே மின்னூட்டம், கிட்டத்தட்ட அதே அளவு. அதனால் பாறை உருவான காலத்திலேயே ஃப்ளோரைடு அந்த இடங்களில் சில பங்கைப் பிடித்துக்கொண்டது. மழைத் தண்ணீர் மண்ணில் இறங்கும்போது கார்பன்-டை-ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு பாறையை அரிக்கிறது, பைகார்பனேட் சேர்ந்து காரத்தன்மை கொள்கிறது. காரத் தண்ணீரில் ஹைட்ராக்சில் நிறைய. அது பயோடைட்டுக்குள் நுழைந்து, நெரிசலான பேருந்தில் கையைப் பிடித்து எழுப்பிவிட்டு உட்காருபவரைப் போல, ஃப்ளோரைடை எழுப்பித் தண்ணீருக்குள் தள்ளிவிடுகிறது.

தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து நிறைய இருந்தால் ஃப்ளோரைடு அதிகம் தங்க முடியாது. கால்சியமும் ஃப்ளோரைடும் சேர்ந்தால் எளிதில் கரையாத கால்சியம் ஃப்ளோரைடாகப் படிந்துவிடும். ஆனால் இதுபோன்ற வறண்ட நிலத்தில் கால்சியம் வழியிலேயே சுக்கான் கல்லாக மண்ணில் படிந்து போகிறது. ஆழத்துக்கு வந்து சேரும் தண்ணீரில் சோடியமும் பைகார்பனேட்டும்தான் மிச்சம். ஃப்ளோரைடைப் பிடித்து நிறுத்த ஆள் இல்லை. பருப்பு வேகாத, சோப்பு நுரைக்காத கடினத் தண்ணீரை எல்லோரும் கெட்ட தண்ணீர் என்று ஒதுக்குவோம். பல இடங்களில் ஃப்ளோரைடு குறைவாக இருப்பது அதில்தான். நாக்குக்கு இதமான ஆழ்துளைக் கிணற்று நீரில் அது கூடுதலாக இருக்கலாம். நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃப்ளோரைடு சாகாது. தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். ‘தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள்’ என்ற நல்ல அறிவுரை இங்கே உதவாது.

கிணறு ஆழமாகும்போது இன்னொரு சிக்கலும் வருகிறது. மேல்மட்டக் கிணற்று நீர் மழைக்கு மழை புதிதாகும். நூற்றுக்கணக்கான அடிக்குக் கீழே போர் போட்டு எடுக்கும் நீர் பாறையோடு நெடுங்காலம் உறவாடியது. வறட்சி வந்து கிணறு வற்ற, போர் போட, அதுவும் வற்ற, இன்னும் ஆழமாகப் போட என்று போனதில், குடிநீர்ப் பஞ்சத்துக்குக் கண்ட மருந்தே பல ஊர்களில் புது நோயைக் கொண்டுவந்தது.

இனி உடம்புக்குள். பல்லும் எலும்பும் ஆனது ஹைட்ராக்சி அபடைட் என்ற தாதுவால். பாறையில் இருக்கும் அபடைட்டின் நெருங்கிய உறவு. இதிலும் ஹைட்ராக்சிலுக்கு என்று இடங்கள் உண்டு. பயோடைட்டில் இடம் பறிகொடுத்த ஃப்ளோரைடு, மொரப்பூர்ப் பிள்ளையின் பல்லில் வந்து அதே ஹைட்ராக்சிலின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. கொஞ்சமாகப் பிடித்தால் பல்லுக்கு நல்லது, அமிலம் எளிதில் அரிக்காது. பற்பசையில் ஃப்ளோரைடு சேர்ப்பது இதற்காகத்தான். குழந்தைப் பருவத்தில் அளவு மிஞ்சினால் எனாமலை உருவாக்கும் செல்களின் வேலையே குழம்பிப் போகிறது. பல் முளைக்கும்போதே சுண்ணாம்பு வெள்ளைத் திட்டுகளோடு முளைக்கும். போகப்போக மஞ்சளும் பழுப்புமாகக் கறை ஏறும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. கறை பல்லின் மேல் படிந்ததல்ல, பல்லின் கட்டுமானத்திலேயே இருப்பது.

இந்தக் கறையின் காலக்கணக்கு வியப்பானது. நிரந்தர முன்பற்களின் எனாமல், பிறந்த சில மாதங்களில் தாடைக்குள் உருவாகத் தொடங்கி நான்கைந்து வயதுக்குள் முடிந்துவிடும். அந்தப் பல் வெளியே வருவது ஏழு வயது வாக்கில். ஆக, இரண்டாம் வகுப்புப் பிள்ளை சிரிக்கும்போது நாம் பார்ப்பது, அது தவழ்ந்த காலத்தில் வீட்டுக் குடத்தில் இருந்த தண்ணீரை. எட்டு வயதுக்குப் பிறகு ஊருக்கு வந்தவருக்குப் பல்லில் கறை விழாது, எவ்வளவு ஃப்ளோரைடு குடித்தாலும். அவருக்கு வருவது வேறு: பல ஆண்டுகள் கழித்து முதுகும் கழுத்தும் விறைப்பது, மூட்டு வலி, தசைநார்கள் எலும்பாகக் கெட்டிப்படுவது. வயசாகிவிட்டது, வாதம் வந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போகிறோம்.

இதெல்லாம் நேற்று கண்டுபிடித்த சங்கதி அல்ல. அமெரிக்காவில் கொலராடோவின் பழுப்புப் பற்களைப் பற்றிப் பல் மருத்துவர் ஃபிரெடரிக் மெக்கே கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு, 1931இல் அலுமினிய நிறுவன வேதியியலாளர் சர்ச்சில் ஃப்ளோரைடு என்று விடை சொன்னார். ஆறே ஆண்டில், 1937இல், சென்னை மாகாணத்தில் நெல்லூர் மாவட்டத்து விவசாயிகளிடம் முதுகெலும்பே விறைத்துப்போன நோயை ஷார்ட் என்ற மருத்துவரும் உடன் உழைத்தவர்களும் விவரித்தார்கள். ஃப்ளோரைடு மிகுந்து எலும்பைத் தாக்கும் ஃப்ளோரோசிஸ் பற்றி இந்தியாவிலிருந்து வந்த முதல் ஆய்வு அது.

சரி, ப்ராப் 65 இதற்கு என்ன செய்யும்?

அந்தச் சட்டத்தின் சூட்சுமம் எச்சரிக்கைச் சீட்டில் இல்லை. மாநிலம் ஆண்டுக்கு ஒரு முறையாவது நச்சுப் பட்டியல் வெளியிட வேண்டும். இன்று அதில் 900க்கு மேற்பட்ட பெயர்கள். பட்டியலில் உள்ளது உன் பொருளில் இருந்தால், அதன் அளவு ஆபத்தில்லாதது என்று நிரூபிக்கும் பொறுப்பு உன்னுடையது. 70 ஆண்டுகள் தினமும் உட்கொண்டாலும் ஒரு லட்சம் பேரில் ஒருவருக்கு மேல் கூடுதலாகப் புற்றுநோய் வராது என்று காட்ட வேண்டும். முடியாவிட்டால் சீட்டு ஒட்டு. ஒட்டாவிட்டால் எந்தக் குடிமகனும் 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு வழக்குப் போடலாம், ஒரு மீறலுக்கு ஒரு நாளைக்கு 2,500 டாலர் வரை அபராதம், அதில் கால் பங்கு வழக்குப் போட்டவருக்கு. இந்த வழக்குகளை நம்பியே பிழைக்கும் வக்கீல்கள் உருவானார்கள். காபிக்கொட்டை வறுக்கும்போது தானாக உண்டாகும் அக்ரிலமைடுக்காகக் காபிக் கடைகள் மேல் வழக்கு நடந்தது. 2018இல் நீதிபதி கடைகளுக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்ல, அடுத்த ஆண்டு மாநிலமே காபிக்கு விலக்கு அளித்தது. கேலிக்கு இவ்வளவு தீனி கொடுத்த சட்டம் குறைவு.

ஆனாலும் அது வேலை செய்தது. வாங்குபவர் சீட்டைப் படித்துத் திருந்தியதால் அல்ல, விற்பவர் சீட்டை ஒட்டக் கூச்சப்பட்டதால். எழுத்துப் பிழையை அழிக்கும் வெள்ளை மையில் இருந்த டிரைகுளோரோஎத்திலீனை நிறுவனம் சத்தமில்லாமல் எடுத்துவிட்டது. கால்சியம் மாத்திரைகளில் ஈயம் குறைந்தது. உருளைக்கிழங்கு வறுவலில் அக்ரிலமைடைக் குறைக்க 2008இல் பெரிய நிறுவனங்கள் ஒப்புக்கொண்டன. ஒருவரும் படிக்காத சீட்டுகூட, அதை ஒட்ட வேண்டியவனைப் பயமுறுத்தினால் போதும்.

மொரப்பூரில் அந்த ‘ஒட்ட வேண்டியவன்’ யார்? பாறைக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்ப முடியாது. இந்த ஊர் கலிபோர்னியாவிலேயே இருந்தாலும் ஒன்றும் நடக்காது. ஃப்ளோரைடு அந்தப் பட்டியலிலேயே இல்லை. புற்றுநோய்க் காரணியாகச் சேர்க்கலாமா என்று 2011 அக்டோபரில் நிபுணர் குழு ஆராய்ந்து, வேண்டாம் என்று முடிவு செய்தது. பற்கறையும் எலும்பு விறைப்பும் அந்தச் சட்டத்தின் கணக்கிலேயே வராத நோய்கள். போதாக்குறைக்கு அரசு அமைப்புகளுக்கும் பொதுக் குடிநீர் வழங்குவோருக்கும் விலக்கு உண்டு. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் தொழிலுக்கும் விலக்கு. குடிநீருக்காகப் பிறந்த சட்டம், தண்ணீர் தரும் அரசைத் தொடாமல் ஒதுங்கிக்கொள்கிறது. இன்னொரு வேடிக்கை: 1995 முதல் கலிபோர்னியாவின் பெரிய குடிநீர் அமைப்புகள், நிதி கிடைத்தால் தண்ணீரில் ஃப்ளோரைடைச் சேர்க்க வேண்டும் என்று அங்கே ஒரு சட்டம் இருக்கிறது. லிட்டருக்கு 0.7 மில்லிகிராம் என்பது அமெரிக்கப் பரிந்துரை.

நம் இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500 லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று ஒரு சலுகையும் தருகிறது. மாற்று வழி இல்லாதவரின் எலும்பு இன்னும் அரை மில்லிகிராம் தாங்கும் என்று எந்த மருத்துவமும் சொல்லவில்லை, நிர்வாகம் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 1.5 என்ற அளவும் ஒருவர் நாளைக்கு இரண்டு லிட்டர் குடிப்பார் என்ற வழக்கமான கணக்கை ஒட்டியது. சித்திரை வெயிலில் தக்காளித் தோட்டத்தில் களை எடுக்கும் பெண் ஐந்து லிட்டர் குடிப்பார். சோற்றுக்கும் களிக்கும் ஊற்றும் தண்ணீரும் வயிற்றுக்குத்தான் போகிறது. வெப்பம் கூடக் கூட ஃப்ளோரைடு வரம்பைக் குறைக்க வேண்டும் என்று அமெரிக்காவில் கலகன் என்பவர் 1957இலேயே சூத்திரம் போட்டுக் காட்டியிருக்கிறார்.

சீட்டு ஒட்டுவதே வீண் என்று சொல்ல வரவில்லை. வங்கதேசத்தில் ஆர்சனிக் பிரச்சினை வெடித்தபோது லட்சக்கணக்கான அடிபம்புகளைச் சோதித்து, ஆபத்தானதற்குச் சிவப்பும் நல்லதற்குப் பச்சையும் அடித்தார்கள். சிவப்பு பம்புக்காரர்களில் ஏராளமானோர் வேறு பம்புக்கு மாறினார்கள். மாறியதற்குக் காரணம் சிவப்பு மட்டுமில்லை, நடக்கும் தூரத்தில் ஒரு பச்சை இருந்தது. பச்சை இல்லாத ஊரில் சிவப்பு அடித்தால், மக்கள் அந்தச் சிவப்பு பம்பிலேயேதான் அடித்துக் குடிப்பார்கள், கொஞ்சம் கூடுதல் பயத்தோடு.

தர்மபுரிக்கு அந்தப் பச்சை வந்தது காவிரியிலிருந்து. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் அதிகாரப்பூர்வப் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் பாதிப்புக் குறைப்பு என்பது சேர்ந்திருக்கிறது. நோயின் பெயரைத் தாங்கிய குடிநீர்த் திட்டத்தை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. 2008 பிப்ரவரியில் முதல்வர் கருணாநிதி அடிக்கல் நாட்டினார். கர்நாடகத்தில் எதிர்ப்புக் கிளம்பியதால், அங்கே தேர்தல் முடியும் வரை தள்ளிவைத்தார். ஜப்பானியக் கடனுதவியோடு வேலை நடந்து, 2013 மே மாதம் முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். 1,928 கோடி ரூபாய்த் திட்டம். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரு மாவட்டங்களிலும் ஆறாயிரத்துக்கும் அதிகமான குடியிருப்புகளை அது நோக்கமாகக் கொண்டது. ஒகேனக்கல் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 250 மீட்டரில் இருக்கிறது. ஒசூரோ 900 மீட்டர் வாக்கில். ஆற்றில் இறங்கி வந்த தண்ணீரை மறுபடி மலையேற்றி அனுப்புகிறார்கள்.

குழாய் வந்தாலே நோய் போய்விடும் என்பதில்லை. காவிரித் தண்ணீர் ஏறும் மேல்நிலைத் தொட்டியிலேயே, வரத்து குறைந்த நாளில் போர் தண்ணீரையும் ஏற்றிவிட்டால், தெருக்குழாயில் வருவது இரண்டும் கலந்த தண்ணீர். மோட்டார் பழுதானால் பழைய அடிபம்பு. கேன் தண்ணீர் வாங்குபவருக்கு ஃப்ளோரைடு நீங்கிய தண்ணீர் கிடைக்கலாம். ஆனால் அதைச் சுத்திகரிக்கும் எதிர்ச்சவ்வூடுபரவல் (ஆர்.ஓ.) எந்திரம் எதையும் அழிப்பதில்லை, பிரித்துத்தான் வைக்கிறது. ஒரு கேனை நிரப்பும்போது வெளியேறும் கழிவு நீரில் ஃப்ளோரைடு இன்னும் அடர்த்தியாகச் சாக்கடைக்குப் போகிறது. படிகாரமும் சுண்ணாம்பும் கலந்து ஃப்ளோரைடைப் படிய வைக்கும் நல்கொண்டா முறையை நாக்பூரின் நீரி நிறுவனம் உருவாக்கித் தந்தது. தினமும் அளந்து கலக்க ஆளில்லாமல் பல இடங்களில் அது ஓய்ந்துபோனது.

உணவுக்கும் இதில் பங்கு உண்டு. கால்சியம் குடலில் ஃப்ளோரைடைப் பிடித்து உடம்பில் சேராமல் தடுக்கும். நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. தர்மபுரிக்காரர்கள் களியை விட்டு ரேஷன் அரிசிக்கு மாறியதில் இந்தக் கவசம் எவ்வளவு போயிற்று என்று யாராவது கணக்குப் போட்டால் நன்றாயிருக்கும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2002இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், புளி சாப்பிட்ட பள்ளிச் சிறுவர்களின் சிறுநீரில் வெளியேறும் ஃப்ளோரைடு கூடியது. இந்த மாவட்டத்தில் புளியமரத்துக்குக் குறைவில்லை. ஆனால் புளிக்குழம்பை நம்பிப் போர் தண்ணீரைக் குடிக்கச் சொல்ல மாட்டேன்.

தண்ணீரில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொள்வது கடினமல்ல. கள ஆய்வுப் பெட்டியில் இருக்கும் திரவம் சிர்கோனியமும் ஒரு சாயமும் சேர்ந்த இளஞ்சிவப்பு. ஃப்ளோரைடு வந்ததும் சிர்கோனியத்தைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ள, தனித்து விடப்பட்ட சாயம் மஞ்சளாகிறது. அட்டையில் இருக்கும் நிறத்தோடு ஒப்பிட்டால் அளவு தெரிந்துவிடும். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்கு இந்தப் பெட்டியைக் கையாளப் பயிற்சி தர வேண்டும் என்பது ஏற்பாடு.

கலிபோர்னியா போல மாநில அளவில் வாக்குச்சீட்டில் சட்டம் போடும் வழி நமக்கில்லை. கிராம சபை இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் அது கூடுகிறது. 2022இல் புதிதாகச் சேர்த்த நாள்களில் ஒன்று, மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். ஊரிலுள்ள ஒவ்வொரு போருக்கும் ஒவ்வொரு தொட்டிக்கும் ஃப்ளோரைடு அளவு என்ன என்று அன்று வாசித்து, தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டும் என்று கேட்க யாருக்கும் உரிமை உண்டு. பாறை கூச்சப்படாது. தொட்டியைத் திறந்துவிடும் ஊராட்சியும் குழாய் போட்ட குடிநீர் வாரியமும் கூச்சப்படக்கூடியவை. ப்ராப் 65 விலக்கிவைத்த அந்த இருவரைத்தான் இங்கே கேட்க வேண்டும்.

அதிகாரிகள் எழுதிக்கொடுக்கும் எண் சரியா என்று சோதிக்கவும் ஒரு வழி உண்டு. 2013இல் காவிரித் தண்ணீர் வந்த பிறகு பிறந்த பிள்ளைக்கு நிரந்தர முன்பல் முளைத்தது 2020 வாக்கில். குழாய் ஒழுங்காக ஓடிய ஊரில் அந்தப் பற்கள் வெள்ளையாக இருக்க வேண்டும்; தொட்டியில் போர் தண்ணீரே ஏறிக்கொண்டிருந்த ஊரில் இருக்காது. பள்ளிப் பல் மருத்துவ முகாமில் பிள்ளையின் ஊரையும் பிறந்த ஆண்டையும் பக்கத்தில் குறித்துக்கொண்டால், எந்த ஊருக்கு எப்போது நல்ல தண்ணீர் போனது என்பதை அந்த நோட்டிலிருந்தே சொல்லிவிடலாம்.